ஒரு நிமிடம் பேசாமல் இருக்கப் போகிறேன்

மகனுக்கு அப்போது மூன்று வயது. இரண்டு நாள் இருமல், மூன்றாம் நாள் காய்ச்சல். அன்று ராத்திரி முழுக்க அவனை மடியை விட்டு இறக்கவில்லை. விடிந்ததும் மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே ஒரு நர்ஸ் வந்து அவன் சட்டையை மார்புக்கு மேலே சுருட்டிவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவன் வயிற்றைப் பார்த்தார். பேசவில்லை. "என்ன சிஸ்டர்?" என்றேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். பொறு என்பதுபோல் கையை மட்டும் லேசாக உயர்த்தினார். அந்த நேரத்துக்குள் என்னென்ன நினைத்தேன் என்று எழுத இன்றைக்கும் கை வரவில்லை. கடைசியில் நிமிர்ந்து "ஐம்பத்திரண்டு" என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார்.

நிமோனியா. நான்கு நாள் ஆக்சிஜன், ஊசி மருந்து. பிழைத்து எழுந்து பழையபடி ஓடியாட ஆரம்பித்துவிட்டான். எனக்குத்தான் அந்த எண் மறக்கவில்லை. ராத்திரி முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். மூச்சு வேகமாக வாங்குகிறான் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. காய்ச்சலால் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மணி நேரம் பார்த்த எனக்குத் தெரியாதது, சற்று நேரம் பார்த்த அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பார்ப்பதில் அப்படி என்ன வித்தை இருக்கிறது என்ற கேள்வி நாலு வருஷம் என்னை விடவில்லை. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு, எனக்கு முப்பத்தாறு என்றிருந்தபோது, பதிவு பெற்ற செவிலியருக்கான மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தேன்.

"இந்த வயசுலயா?" என்று கேட்காதவர்கள் குறைவு. பாதிப் பேர் அக்கறையில்தான் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு பெயர் கிடைத்தது: எலன் டௌஹர்ட்டி. செவிலியர்களைப் பதிவுசெய்வதற்கென்றே உலகில் முதன்முதலாகத் தனிச் சட்டம் போட்ட நாடு நியூசிலாந்து, 1901-இல். அந்தப் பதிவேட்டில் 1902 ஜனவரி 10 அன்று ஏறிய முதல் பெயர் அவருடையது. பிறந்தது 1844-இல். அப்படியென்றால் அன்று அவருக்கு வயது 57. செவிலியர் சான்றிதழை வாங்கியதே 1887-இல், நாற்பதைத் தாண்டிய பிறகு. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்கூட ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்துக்குப் பயிற்சிக்குப் போனது 1851-இல், தன் 31-ஆவது வயதில்தான். கேட்டவர்களுக்காகத் தேடி எடுத்த விவரங்கள் இவை. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு, பிள்ளைகள் எழுவதற்குள் இன்னும் ஒரு பக்கம் முடித்துவிடலாம் என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டு உட்காரும்போது, எனக்கே இவை தேவைப்பட்டன.

வகுப்பில் என்னைச் சுற்றிப் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். முதல் வாரத்திலேயே "அக்கா" ஆகிவிட்டேன். ஒரு தடவை படித்தால் அவர்களுக்கு ஏறிவிடும். எனக்கு மூன்று தடவை படித்தால்தான் நிற்கும். அதனால் படித்ததை யாருக்காவது சொல்லிக்கொடுப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். இதயத்தின் நான்கு அறைகளையும் தரையில் சாக்பீஸால் பெரிதாக வரைந்து, மகனை ரத்தமாக நடக்கவிட்டேன். வலது மேலறையில் நுழைந்து, வலது கீழறைக்கு இறங்கி, நுரையீரலுக்குப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு, இடது பக்கமாகத் திரும்பி வந்து, மகாதமனி வழியாகச் சமையலறைக்குள் ஓடுவான். எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் அவன் காலடியை வைத்துத்தான் எனக்கு ஞாபகம் வரும்.

பிள்ளை வளர்த்தவளுக்கு நர்ஸ் வேலை சுலபமாக வந்துவிடும் என்று பலரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். வார்டில் இறங்கிய முதல் மாதமே அது சரியில்லை என்று புரிந்தது. பக்கவாதம் வந்து அன்று காலையில்தான் சேர்ந்திருந்த ஒரு பெரியவர், உதடு காய்ந்து, "தண்ணி" என்று கேட்டார். தாகம் என்று கேட்கிற வாய்க்குத் தண்ணீர் கொடுப்பதில் யோசிக்க என்ன இருக்கிறது? டம்ளரை எடுத்துவிட்டேன். வார்டு சிஸ்டரின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. "விழுங்குறாரான்னு பார்த்தாச்சா?" என்று கேட்டார். பக்கவாதத்தில் முகமும் கையும் மட்டுமா மரத்துப்போகின்றன? விழுங்கும் தசைகளும் தளர்ந்துபோகும். கொடுத்த தண்ணீர் உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சிலருக்கு அப்போது இருமல்கூட வராது. இரண்டு நாள் கழித்து நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வரும்போதுதான் தெரியும். அதனால் விழுங்கும் திறனைச் சோதிக்கும் வரை வாய்வழியாக ஒன்றும் கிடையாது. பஞ்சை நனைத்து உதட்டை ஈரப்படுத்தலாம், அவ்வளவுதான். நான் உதட்டைத் துடைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. பத்து வருஷமாகக் கேட்டதைக் கொடுத்தே பழகிய கை, கொடுக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

தூக்குவதும் அப்படித்தான். குழந்தையைத் தூக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவோம். கட்டிலில் கீழே சரிந்துவிட்ட ஒரு பாட்டியை மேலே ஏற்ற என் கைகள் தானாக அங்கேதான் போயின. அப்படித் தூக்கினால் அவருடைய தோள்மூட்டு பிசகலாம், என் முதுகும் போகலாம். அதைவிட, இழுக்கும்போது தோல் படுக்கையோடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் மேலே நகரும். நடுவில் இருக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்கள் மடங்கிக் கிழியும். படுக்கைப்புண் வெளியே தெரிவதற்கு முன்னாலேயே அப்படித்தான் உள்ளே தொடங்கிவிடுகிறது. வழுக்கு விரிப்பைக் கீழே நுழைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று, எண்ணிச் சேர்ந்து நகர்த்த வேண்டும். பாசத்தில் செய்தாலும் தெரியாமல் செய்தால் காயம் காயம்தான். என் இரண்டு கைகளையும் புதிதாகப் பழக்க ஒரு பருவம் முழுக்க ஆனது.

மருந்துக் கணக்கு எனக்குப் பெரிய பயம். பள்ளியை விட்டு வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பயிற்சியில் அந்தத் தேர்வுக்கு நூற்றுக்கு நூறுதான் தேர்ச்சி மதிப்பெண், தொண்ணூற்றொன்பதும் தோல்விதான். அந்த வருஷம் மகளுக்கும் பள்ளியில் தசமம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கணக்குப் போடுவோம். தேவையான அளவை, கையில் இருக்கும் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் மில்லிலிட்டரால் பெருக்க வேண்டும். 75 மில்லிகிராம் வேண்டும், குப்பியில் 2 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கிறது, அப்படியென்றால் ஒன்றரை மில்லி. ஆயிரம் மில்லி டிரிப்ஸ் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு இருபது சொட்டு விழும் குழாய், அப்படியென்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. "எப்படிம்மா நாப்பத்திரண்டு வருது?" என்று அவள் கேட்பாள். அவளுக்குச் சொல்லும்போதுதான் எனக்கும் பிடிபடும்.

ஒருநாள் அவள் நோட்டில் அரை என்பதைப் புள்ளி போட்டு ஐந்து என்று மட்டும் எழுதியிருந்தாள். முன்னால் பூஜ்யம் போடு என்றேன். டீச்சர் சரின்னு சொல்லிட்டாங்க என்றாள். ஒரு காகிதத்தில் .5 என்று எழுதி, மடித்து, கசக்கி, விரித்துக் காட்டினேன். புள்ளி மடிப்பில் மறைந்து 5 மட்டும் நின்றது. "இது மருந்துச் சீட்டா இருந்தா?" என்றேன். அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து மடங்கு. அதேபோல் 5 என்று எழுத வேண்டிய இடத்தில் 5.0 என்று எழுதக் கூடாது, புள்ளி தெரியாவிட்டால் ஐம்பது. முன்னே பூஜ்யம் கட்டாயம், பின்னே பூஜ்யம் கூடாது. பிறகு அவள் நோட்டைத் திறக்கும்போதெல்லாம் பார்ப்பேன், ஒவ்வொரு தசமத்துக்கும் முன்னால் ஒரு பூஜ்யம், கொஞ்சம் பெரிதாகவே போட்டிருப்பாள்.

மூச்சு எண்ணுவதைக் கற்றது வார்டில். நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டில் கையை வைத்துக்கொள்ள வேண்டும், கண் மட்டும் மார்பில் இருக்க வேண்டும். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்துவிட்டால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். ஏறி இறங்குவது சேர்ந்து ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கலாம்தான், ஆனால் உடம்பு சரியில்லாதவருக்கு முழு நிமிடம். பி.பி., பல்ஸ், ஆக்சிஜன் எல்லாவற்றுக்கும் கருவி உண்டு. மூச்சுக்கு மட்டும் பெரும்பாலான வார்டுகளில் மனிதக் கண்ணும் கடிகாரமும்தான். அதனாலேயே, வேலை நெருக்கும்போது முதலில் பறிபோகிற நிமிடமும் அதுதான்.

இரண்டாவது போஸ்டிங்கில், வயிற்று ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் ஆன ஒரு பாட்டி. சார்ட்டைப் புரட்டினேன். மூச்சு எண்ணிக்கை 18, 18, 18, 18. நாலு வேளையும் ஒரே எண். நான் எண்ணினேன். 28 வந்தது. நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் எண்ணினேன். 28. பாட்டி நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், ஆனால் ஒரு வாக்கியத்தின் நடுவில் இரண்டு தடவை நிறுத்தினார். ஆக்சிஜன் 95-இல் நின்றது. காய்ச்சல் லேசாக. எழுதியிருப்பது நாலு பேரின் கையெழுத்து, நானோ மாணவி. அந்தக் கட்டிலுக்கும் சிஸ்டர் மேஜைக்கும் இடையே நடந்த இருபதடி இன்னும் என் காலில் இருக்கிறது.

அப்போது கைகொடுத்தது எஸ்.பி.ஏ.ஆர். என்று சொல்லித்தந்த முறை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைக்கு வந்தது. இப்போது என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று நாலே படி. மேலே இருப்பவரிடம் பேசத் தயங்குகிற வாய்க்கு அது ஒரு கைப்பிடி. சொன்னேன். சிஸ்டர் உடனே எழுந்து வந்து, தானும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய, மூச்சு, நாடி போன்றவை இயல்பை விட்டு விலக விலகக் கூடுதல் எண் போடும் எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 12 முதல் 20 வரை என்றால் பூஜ்யம், 25-ஐத் தொட்டாலே 3. ஏதாவது ஒரே அளவில் 3 வந்தாலும் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். டாக்டர் வந்தார். நெஞ்சில் கிருமித் தொற்று தொடங்கியிருந்தது. ரத்தம் எடுத்து, மருந்து அந்த மணி நேரத்துக்குள் ஏறியது. பாட்டி தேறி வீட்டுக்குப் போனார்.

என்னைப் பாராட்டினார்கள். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அந்த 18-ஐ எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. முப்பது நோயாளிக்கு இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் உடம்பு மோசமாகும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான், ரத்த அழுத்தம் விழுவதற்கெல்லாம் முன்னால். அந்த ஒரு நிமிடத்தை ஆட்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டால் பிறகு எந்த இயந்திரம் வாங்கி வைத்தும் பிரயோஜனம் இல்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிப்பின் பெரும்பகுதி வகுப்பில் இல்லை, வார்டில்தான். ஐரோப்பிய ஒன்றியம் பொதுச் செவிலியர் படிப்புக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே மூன்று வருஷம், 4,600 மணி நேரம், அதில் பாதிக்குக் குறையாமல் மருத்துவப் பயிற்சி. எங்கள் படிப்பிலும் விதித்த பயிற்சி மணிகள் குறையக் கூடாது, விட்டால் திருப்பிச் செய்ய வேண்டும். குறைக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். ஆனால் ஓரிடத்தில் டியூட்டிப் பட்டியலை ஞாயிறு மாலைதான் கொடுத்தார்கள், திங்கள் காலையே ஆரம்பம். பகலா, இரவா என்று தெரியாமல் பிள்ளைகளை யாரிடம் விடுவது? முன்கூட்டியே வேண்டும் என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் ஒரே விதிதான்" என்றார்கள். பிள்ளை இல்லாத பத்தொன்பது வயதுக்கும் எனக்கும் அது ஒரே விதி இல்லை. ஒரு மாதம் முன்னால் பட்டியல் போட யாருக்கும் பைசா செலவில்லை. அப்படிப் போடாததால் படிப்பை விட்டுப் போன இரண்டு தாய்மார்களை எனக்குத் தெரியும். இரண்டு பேருமே என்னைவிட நல்ல நர்ஸாக வந்திருப்பார்கள்.

இரண்டாம் வருஷம் ஒரு நைட் டியூட்டியில், ராத்திரி ஒரு மணிக்கு இடைவேளையில் போனைப் பார்த்தேன். கணவரிடமிருந்து மூன்று அழைப்பு. மகனுக்குக் காய்ச்சல், இருமல். மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன். "வரியா?" என்றார். வார்டில் ஒரு நோயாளிக்கு நான் போட்ட காயக்கட்டை மாற்ற வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, கிளம்பினால் விடுவார்கள்தான். "அவன் சட்டையைத் தூக்குங்க. வயித்தைப் பாருங்க. ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். அந்த ஒரு நிமிடம் போனில் ஒன்றுமே கேட்கவில்லை. அவர் மூச்சு மட்டும். "இருபத்திநாலு" என்றார். விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுகிறதா? இல்லை. தண்ணீர் குடிக்கிறானா? குடிக்கிறான். ஒண்ணுக்குப் போனானா? போனான். எட்டு வயதுக்கு, காய்ச்சலோடு, அது பரவாயில்லை. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் எண்ணச் சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பினேன். காலையில் போனதும் அவனைத் தொடாமல் நேரே குளியலறைக்குப் போய், யூனிஃபார்மைக் கழற்றிப் போட்டு, முழங்கை வரை கழுவிவிட்டு வந்துதான் பக்கத்தில் படுத்தேன். "நேத்து ஏன் வரல?" என்று கேட்டான். அதற்கு நான் சொன்ன பதில் அவனுக்குப் போதவில்லை. எனக்கும்தான்.

முதல் சாவைப் பார்த்ததும் அந்த வருஷம்தான். இறந்தவரைத் துடைத்துச் சுத்தம் செய்ய ஒரு மூத்த சிஸ்டரோடு என்னை அனுப்பினார்கள். வெந்நீரில் துணியைப் பிழிந்துகொண்டே சிஸ்டர், "ஐயா, முகத்தைத் துடைக்கப் போறேன்" என்றார். கையைத் துடைக்கும் முன்னால் கையைச் சொன்னார். "ஐயா, இப்ப உங்களை இடது பக்கமாத் திருப்பப் போறோம். இந்தப் பொண்ணு பிடிச்சுக்குவா." நான் பிடித்துக்கொண்டேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. வெளியே வந்ததும் கேட்டேன், அவருக்குக் கேட்காதே சிஸ்டர் என்று. "எனக்குக் கேக்குதே" என்றார். அதற்குமேல் விளக்கவில்லை. அன்றிலிருந்து எதைச் செய்வதற்கு முன்னும் வாயைத் திறந்து சொல்லப் பழகினேன். குளிர்ந்த ஸ்டெதஸ்கோப்பை வைப்பதற்கு முன், போர்வையை விலக்குவதற்கு முன், நினைவில்லாமல் கிடப்பவரின் கண்ணிமையைத் தூக்கி வெளிச்சம் அடிப்பதற்கு முன்.

மூன்றாம் வருஷம் குழந்தைகள் பாடம். பலகையில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளை எழுதினார்கள். இருமலோடு வரும் குழந்தைக்கு எது வேகமான மூச்சு: இரண்டு மாதத்துக்குள் என்றால் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது முழு நிமிடம் எண்ண வேண்டும். கருவியே இல்லாத இடத்திலும் நிமோனியாவைச் சந்தேகிக்க ஒரு கடிகாரம் போதும். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நான் பேனாவை வைத்துவிட்டேன். மூன்று வயது, 52. அந்த ராத்திரி எனக்கு இந்த ஒரு எண் தெரிந்திருந்தால் விடியும் வரை காத்திருந்திருக்க மாட்டேன். பக்கத்தில் இருந்த பெண் "என்னாச்சுக்கா?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த நர்ஸ் ஏன் பேசவில்லை என்பதும் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பேசினால் எண்ணிக்கை தப்பும். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. பாடத்தில் இல்லாத இன்னொரு பாதி எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அப்போது கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசிப் போஸ்டிங் குழந்தைகள் வார்டில். இருமலோடு ஒரு இரண்டு வயதுக் குழந்தை, தாயின் தோளில் முகம் புதைத்து அரைத்தூக்கத்தில் இருந்தது. அந்தத் தாய் ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முட்டி போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன்.

"நான் இப்ப ஒரு நிமிஷம் பேசாம இருக்கப் போறேன்மா. பாப்பா எத்தனை தடவை மூச்சு விடுதுன்னு எண்ணப் போறேன். நடுவுல நீங்க கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேன், பயந்துறாதீங்க. எண்ணி முடிச்சதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்."

அவர் தலையாட்டினார். சட்டையைச் சுருட்டிவிட்டு எண்ணினேன். தொப்புளுக்கு மேலே அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்கியது. பள்ளம் விழவில்லை.

"முப்பத்தாறு," என்றேன். "இந்த வயசுல நாப்பதுக்குக் கீழ இருக்கணும். டாக்டர் வந்து பார்ப்பாங்க, நான் ஒரு மணி நேரத்துல மறுபடியும் வந்து எண்ணுவேன்."

அவர் குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்குப் போனப்புறம் நானும் எண்ணலாமா? எப்படின்னு காட்டுவீங்களா?"

மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து அவர் கையில் கொடுத்தேன்.